ஜோடி பார்க்கும் பெர்சிஸ்

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பெர்சிஸ் மூன்றாம் நம்பர் கணினியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தொடவில்லை, உட்காரவும் இல்லை. நாற்காலிக்காரர் எழுந்து ஓரமாக நின்றுகொண்டு, அடித்துக்கொண்டிருந்த கடிதம் போனது போனதுதானா என்று முகத்தைத் தொங்கப் போட்டிருக்கிறார். பெர்சிஸின் பார்வை திரையின் இடதுபக்க மேல் மூலையில் தொடங்கி, வலதுபக்கம் நகர்ந்து, ஒரு வரி கீழே இறங்குகிறது. அடிவரை போனதும் பக்கத்து நான்காம் நம்பருக்கு வந்து மறுபடி முதலிலிருந்து. நடுவில் யாராவது மவுஸைத் தொட்டுவிட்டால் அதட்டல் விழும்.

"கைய எடுங்க! மொதல்ல கண்ணு, அப்பாலதான் கை!"

ஆம்பூரில் புறவழிச் சாலைக்கு இறங்கும் தெருவில் இருக்கிறது சீனிவாசனின் பிரவுசிங் சென்டர். ஆறு கணினிகள், ஆறுக்கும் நடுவே பிளைவுட் தடுப்பு, எல்லோருக்கும் பொதுவாக ஒரு மின்விசிறி. பெர்சிஸ் அங்கே வேலை செய்பவர் அல்ல. கணினி வகுப்பு எதற்கும் போனதில்லை. ஏற்றுமதி ஷூ தொழிற்சாலை ஒன்றில் பதினான்கு வருடமாகச் செக்கர். பெட்டியில் போடுவதற்கு முன் வலது காலையும் இடது காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தையல், மடிப்பு, நிறம், குதிகால் உயரம் எல்லாம் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிற வேலை. ஒரு நாளைக்கு அறுநூறு ஜோடி. நகம் பட்டால் தோலில் கோடு விழும் என்பதால் கண்ணால் பார்த்து முடித்த பிறகுதான் கையால் தொடவேண்டும் என்பது அங்கே சட்டம். அந்தச் சட்டத்தை அவர் அப்படியே இண்டர்நெட்டுக்கும் போட்டுவிட்டார்.

"ஒத்தக் கால மட்டும் பாத்தா எல்லாம் நல்லாத்தான் சார் தெரியும். பக்கத்துல அதோட ஜோடிய வெச்சிப் பாருங்க, அப்ப பல்ல இளிச்சிடும்" என்பார். இதுதான் அவருடைய மொத்தப் படிப்பு. நான் மேல்நிலைப் பள்ளியில் கணினி ஆசிரியர். சான்றிதழைக் கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறேன். பிரவுசர் நின்றுபோனால் எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அணைத்துவிட்டு மறுபடி போடுவது. அதனால் பெர்சிஸ் வந்துவிட்டால் நான் என் மரியாதையைக் காப்பாற்றிக்கொள்ள வாசல் பக்கம் போய் நின்றுகொள்வது வழக்கம்.

அவர் முதல்முதலாக இங்கே வந்தது ஷார்ஜாவில் இருக்கும் கணவர் ஜெஸ்டனுக்கு மின்னஞ்சல் அனுப்ப. பாதிக் கடிதத்தில் ஜன்னல் தானாகவே மூடிக்கொண்டது. மறுபடி அடித்தார், மறுபடி மூடிக்கொண்டது. மூன்றாம் தடவை அவர் அடிக்கவில்லை. எழுந்து நின்று பக்கத்துக் கணினியை எட்டிப் பார்த்தார். அதில் பிரவுசரின் தலையில் ஒரே ஒரு பட்டை. இவருடையதில் ஐந்து. தேடுவதற்கு ஒன்று, சிரிப்புப் பொம்மைகளுக்கு ஒன்று, வானிலைக்கு ஒன்று, மற்ற இரண்டும் எதற்கென்று போட்டவனுக்கே தெரியாது. வந்து போன வாடிக்கையாளர்கள் எதையெதையோ அமுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிவிட்டிருந்தார்கள். கடிதம் தெரிய நான்கு விரல் இடம்தான் மிச்சம்.

"இன்னாப்பா இது, இத்தினி ஒட்டுப் போட்டா தையல் தாங்குமா? பிரிச்சிடு எல்லாத்தையும்" என்றார் சீனிவாசனிடம். அவன் ஒவ்வொன்றாக நீக்கினான். கடிதம் போய்ச் சேர்ந்தது. அன்று மாலையே ஊரில் பாதிப் பேருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஆம்பூரில் ஷூ தொழிற்சாலை வேலை முடிந்து பெண்கள் கூட்டமாக நடந்து வரும் நேரம் ஒன்று உண்டு. அதைவிட வேகமான இணைப்பு இன்னும் இந்த ஊருக்கு வரவில்லை.

பெர்சிஸின் உயரம் ஐந்தடிக்குக் கொஞ்சம் கம்மி. புடவைக்கு மேல் நீலக் கோட்டு. வேலை முடிந்தும் கழற்ற மறந்து அப்படியே வந்துவிடுவார். கோட்டுப் பையில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர்கள் உள்ள தாள். தோலில் கீறல், தையலில் பிசிறு என்று எங்கே குறை கண்டாலும் தொழிற்சாலையில் அந்த இடத்தில் ஓர் அம்பு ஒட்டுவார்கள். இங்கேயும் ஒட்டுகிறார். சீனிவாசனின் கணினிகளில் திரையோரம், விசைப்பலகை, பின்பக்க ஒயர் என்று எங்கே பார்த்தாலும் அம்புகள். புதிதாக வருகிறவர்கள் அது காட்டுகிற பக்கம் போகவேண்டுமோ என்று குழம்புகிறார்கள். கூலி எதுவும் வாங்குவதில்லை. ஆற்காட்டுக்குப் போய் வருகிறவர்கள் மக்கன் பேடா கொண்டுவந்தால் மட்டும் மறுப்பதில்லை. ஒன்றை வாயில் போட்டுக்கொண்டால் அது கரைகிறவரை பேசமாட்டார். பழுது என்ன என்று தெரிந்துகொள்ள ஆறு பேர் அவர் வாயையே பார்த்தபடி நிற்கவேண்டும். அந்த நிற்பு அவருக்குப் பிடிக்கும் என்று எனக்குச் சந்தேகம்.

ஒருமுறை பத்து நாள் தொடர்ந்து இணைப்பு நிலைக்கவே இல்லை. சீனிவாசன் மூன்று மோடம் மாற்றிவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். பெர்சிஸ் வந்தார், கணினியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த டெலிபோன் பெட்டியின் அருகே மூக்கைக் கொண்டுபோனார். "எங்க கம்பெனியில பித்தள பக்கிள வெளிய வெச்சா ரெண்டே மாசத்துல கறுத்துப்பூடும். தோல் பதனிடற ஷாப்புக் காத்து. அதனால பேப்பர்ல சுத்தித்தான் வெப்போம். உன் ஒயர யாருப்பா பேப்பர்ல சுத்துனது?" மூடியைத் திறந்தால் உள்ளே செம்புக் கம்பிகள் கறுத்துப் போய்க் கிடந்தன. என்னிடம் பென்சில் ரப்பர் கேட்டு வாங்கி, இணைப்பைப் பிடுங்கச் சொல்லிவிட்டுத் தேய்த்தார். பளபளவென்று வந்ததும் ஊரே இணைந்துகொண்டது. கணினி ஆசிரியரின் பங்களிப்பு ஒரு ரப்பர்.

எல்லா நாளும் அவருக்கு வெற்றி என்று எழுதினால் அது பொய். ஒரு சனிக்கிழமை பரீட்சை முடிவு பார்க்கும் தளம் திறக்கவில்லை என்று ஆறு கணினிகளையும் மாற்றி மாற்றி ஒரு மணி நேரம் பார்த்தார். அம்பு ஒட்டாத இடமில்லை. கடைசியில் அந்தத் தளமே அன்று நாடு முழுக்கப் படுத்துவிட்டிருந்தது என்று தெரிந்தது. அசடு வழிவார் என்று ஆவலோடு காத்திருந்தேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "ஆறும் லெஃப்ட் கால் சார்! லெஃப்டுக்கு லெஃப்ட் வெச்சி ஜோடி பாத்திருக்கேன் நானு! சூப்பர்வைசர் பாத்திருந்தா கிழிச்சிருப்பாரு!"

இந்தச் சிரிப்புதான், போன அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஃபீபியைக் காப்பாற்றியது.

ஃபீபி வேலூரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ், வீடு ஆம்பூர். அயர்லாந்தில் வேலைக்காக இரண்டு வருடமாக அலைந்தவள். ஆங்கிலப் பரீட்சையில் இரண்டு முறை அரை மதிப்பெண்ணில் தவறவிட்டு, மூன்றாம் முறை தேறினாள். அந்த ஊர் மருத்துவமனை அவளைத் தேர்ந்தெடுத்துக் கடிதம் அனுப்பியிருந்தது. அவர்களுடைய தளத்துக்குள் போய் 'ஏற்றுக்கொள்கிறேன்' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். நேரம் செவ்வாய் மதியம் அவர்களுக்கு ஒரு மணிவரை, அதாவது நமக்கு மாலை ஐந்தரை. அழுத்தாவிட்டால் இடம் பட்டியலில் அடுத்தவருக்கு. தொடர்ந்து டூட்டி இருந்ததால் கடிதத்தையே அவள் அன்று காலைதான் பார்த்தாள். வெள்ளைச் சீருடையோடு ரயிலிலிருந்து இறங்கி நேராக ஓடிவந்தாள். அப்போது மணி நாலேகால்.

பக்கம் திறக்கவில்லை. 'பக்கத்தைக் காட்ட இயலவில்லை' என்ற வெள்ளைத் திரை. கணினி மாறி உட்கார்ந்தாள். அதே வெள்ளை. ஆறிலும் அதே. மற்ற தளமெல்லாம் ஜோராக வருகிறது, இது ஒன்றுதான் மாட்டேன் என்கிறது. நான் ஆறு கணினிகளையும் அணைத்துவிட்டுப் போட்டேன். சாதாரணமாகவே அவை எழுந்துகொள்ள ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்கிற ரகம், அன்று கூடுதலாகக் கொட்டாவி விட்டன. ஃபீபி நகத்தைக் கடிக்க ஆரம்பித்தாள்.

நாலரைக்கு ஷிப்ட் விட்டு, கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, நாலு நாற்பத்தைந்துக்குப் பெர்சிஸ் நீலக் கோட்டோடு உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டார். வெள்ளைத் திரையில் பொடி எழுத்தில் இருந்த ஆலோசனைகளை எழுத்துக் கூட்டி முழுசாக வாசித்தார். மற்ற எவரும் அதுவரை அதை வாசித்திருக்கவில்லை. அதிலும் பயனில்லை. கைகளைப் பின்னால் கட்டினார். ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர், மூன்றாம் நம்பர். நின்றுவிட்டார்.

"இன்னிக்கும் ஆறும் லெஃப்ட் கால்தான். எனக்கு ரைட் கால் வேணும். சீனி, உன் செல்போனக் குடு."

செல்போனில் அவர் கூப்பிட்டது தொழிற்சாலை அலுவலகத்தில் இருந்த ரோஹனை. வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு கடிதப் போக்குவரத்து அவன் வேலை, ஏழு மணிவரை கணினி முன்தான் இருப்பான். தளத்தின் முகவரியை ஃபீபி ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். எதிர்முனையில் தட்டுகிற சத்தம் கேட்டது.

"வந்துருச்சேக்கா. பேரும் பாஸ்வேர்டும் கேக்குது" என்றான் ரோஹன்.

ஃபீபி துள்ளி எழுந்தாள், அங்கேயே ஓடிவிடலாம் என்று. தொழிற்சாலை நான்கு கிலோமீட்டர் தள்ளி. வாசல் பாஸ் எழுதி, செக்யூரிட்டி கேட்டு, உள்ளே போவதற்குள் அயர்லாந்தில் சாப்பாடு முடிந்து கை கழுவிவிடுவார்கள். "உக்காரு பாப்பா. ரைட் கால் கெடச்சிடுச்சி இல்ல, ஜோடி பாத்துடலாம்" என்றார் பெர்சிஸ். பிறகு போனில், "ரோகன் தம்பி, மேல இடது மூலையிலேர்ந்து ஆரம்பி. இன்னா தெரியுதோ ஒண்ணு விடாம சொல்லு. அவசரப்படாத, ஆனா சீக்கிரம் சொல்லு" என்றார்.

அவன் சொல்லச் சொல்ல இவர் இங்கே விரலை நீட்டாமல் கண்ணால் டிக் அடித்துக்கொண்டே போனார். தலைப்பு, சரி. பட்டை ஒன்று, சரி. முகவரி, சரி. ரோஹனும் விளையாட்டாக அனுபவிக்கத் தொடங்கிவிட்டான். "ஒரு பூட்டு படம் இருக்குதுக்கா, கீழ." "இங்க பூட்டு இல்ல. ஆனா அது கதவு தொறந்தப்புறம் வர்றது. மேல சொல்லு." "வலது பக்கம் கடைசி மூலையில மணி. நாலு அம்பத்தெட்டு." பெர்சிஸ் பார்த்தார். இங்கேயும் நாலு ஐம்பத்தெட்டு.

எல்லாமே ஒத்துப்போயிற்று. ஃபீபியின் கண் கலங்கிவிட்டது. நான் இன்னொரு முறை அணைத்துப் போடலாமா என்று பொத்தானைத் தேடினேன், மறைப்பானேன். பெர்சிஸ் மட்டும் போனைக் காதில் வைத்தபடி அசையாமல் நின்றார்.

"மேல் பக்கம் மட்டும்தான் பாத்திருக்கோம்" என்றார் மெதுவாக. "கவுத்துப் போட்டு அடிய பாக்கல. தம்பி, அந்த மணி மேல மவுஸ கொண்டுபோயி சும்மா வையி. அமுக்காத. இன்னா சொல்லுது?"

"பன்னண்டு அக்டோபர் ரெண்டாயிரத்து நாலு. செவ்வாக்கிழமை."

இங்கே மவுஸை நானே கொண்டுபோய் வைத்தேன். சின்ன மஞ்சள் பெட்டி ஒன்று எட்டிப் பார்த்தது. பன்னிரண்டு ஜனவரி இரண்டாயிரத்து மூன்று. ஞாயிற்றுக்கிழமை.

"ஞாயித்துக்கெழமையா!" பெர்சிஸ் கூவியே விட்டார். "ஐயோ, நான் சர்ச்சுக்குப் போயிருக்கணுமே!"

ஐந்தாம் நம்பரில் இருந்தவர் தன்னுடையதைப் பார்த்துவிட்டு, "இங்கயும் ஞாயிறுதாங்க!" என்றார். ஆறாம் நம்பர், "லீவு! லீவு!" என்று கத்தியது. சென்டர் முழுக்க ஒன்றே முக்கால் வருடம் பின்னால் உட்கார்ந்துகொண்டு ஊருக்கெல்லாம் கடிதம் எழுதிக்கொண்டிருந்திருக்கிறது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மருத்துவமனை தளத்தின் பாதுகாப்புச் சான்றுக்கு இரண்டாயிரத்து நாலாம் வருடத்துத் தேதி. நம் கணினிகளின் கணக்கில் அது இன்னும் பிறக்கவே இல்லை. பிறக்காத சான்றை எந்தப் பிரவுசர் நம்பும்? கணினி ஆசிரியராக ஒரு விஷயத்தைச் சொல்ல வாய்ப்புக் கிடைத்த பூரிப்பில் சத்தமாகவே விளக்கினேன். எல்லோரும் சீனிவாசனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் கல்லாவுக்குப் பின்னால் சின்னதாகிக்கொண்டிருந்தான். யார் எவ்வளவு நேரம் உட்கார்ந்தார்கள் என்று கணக்கு வைக்கிற மென்பொருளை அவன் முப்பது நாள் இலவசம் என்று இறக்கியிருந்தான். முப்பதாம் நாள் நெருங்கும்போதெல்லாம் தேதியை முதல் நாளுக்கு இழுத்துவிடுவான். இப்படியே இருபத்தொரு மாதம்.

பெர்சிஸ் கல்லாவை நோக்கி நடந்தார். கோட்டுப் பையிலிருந்து ஓர் அம்பை உரித்து, அவன் சட்டையில் நெஞ்சுக்கு நேராக ஒட்டினார். சென்டரே சிரித்தது, ஃபீபியும் அழுதுகொண்டே சிரித்தாள்.

நான் மூன்றாம் நம்பரில் தேதியைத் திருத்தினேன். பக்கம் பாதி வந்தது. பொட்டென்று மறுபடி வெள்ளை. மவுஸை வைத்தால் ஞாயிற்றுக்கிழமை. திருத்தினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, மறுபடி ஞாயிற்றுக்கிழமை. "அது... கல்லாக் கம்ப்யூட்டர்லேர்ந்து எல்லாத்துக்கும் நிமிசத்துக்கு ஒருதரம் தேதி போவுது சார்" என்று இழுத்தான் சீனிவாசன். "அதுல மாத்துனா சாஃப்ட்வேர் செத்துடும். ஒருதரம் நெச தேதியப் பாத்துட்டா திரும்ப எழுந்துக்காது."

மணி ஐந்து பதினேழு.

"சீனி" என்றார் பெர்சிஸ். குரலை உயர்த்தவில்லை. "இந்தப் பொண்ணு மூணுதரம் எக்ஸாம் எழுதிச்சி. உனக்கு இருவத்தோரு மாசம் ஓசியில ஓடிச்சி. போதும் வா. நல்ல சாவுதான், நானும் வந்து நிக்கறேன்."

அவன் எழுந்தான், உட்கார்ந்தான். எல்லோரும் கல்லாவைச் சூழ்ந்துகொண்டோம். ஆறு நாற்காலியும் காலி. அவன் தேதிப் பெட்டியைத் திறந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, "மன்னிச்சிக்கடா தோஸ்த்து" என்று முணுமுணுத்து அமுக்கினான். திரை நடுவில் ஒரு பெட்டி வந்தது. முயன்று பார்த்ததற்கு நன்றி, உங்கள் காலம் முடிந்தது. ஆறு திரைகளிலும் ஓடிக்கொண்டிருந்த நேரக் கணக்கு ஒரே சமயத்தில் மறைந்தது. வாசலில் டீ கொடுக்க வந்தவர், யாருக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்தார்.

மூன்றாம் நம்பரில் பக்கம் வந்தது. கீழே பூட்டுப் படமும் வந்தது. அவசரத்தில் ஃபீபிக்குக் கடவுச்சொல் தவறிற்று. மறுபடி தவறிற்று. "மூச்சு விடு பாப்பா. ஊசி போடறப்ப நீ சொல்றதுதான்" என்றார் பெர்சிஸ். அவள் மூச்சை இழுத்து விட்டு, ஒற்றை விரலால் அடித்தாள். உள்ளே போயிற்று. பச்சை நிறத்தில் அந்தப் பொத்தான். ஐந்து இருபத்தாறுக்கு ஃபீபி அதை அழுத்தினாள்.

திரையில் அவள் பெயர் வந்தது, நல்வரவு வந்தது, டிசம்பர் ஆறாம் தேதி சேரவேண்டும் என்று வந்தது. செல்போனை அணைக்க மறந்திருந்தோம். அதற்குள்ளிருந்து ரோஹன், "இன்னாச்சி? இன்னாச்சிக்கா?" என்று அலறிக்கொண்டிருந்தான். ஐந்தாம் நம்பர்காரர் ஆறாம் நம்பர்காரரைக் கட்டிப்பிடித்தார். அதுவரை அவர்கள் இருவரும் பேசிக்கொண்டதே இல்லை. சீனிவாசன் சட்டையில் அம்போடு எல்லோருக்கும் டீ சொன்னான். நான் யார் கையையோ பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தேன், பிறகு பார்த்தால் அது டீக்காரர் கை. ஃபீபி இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு, "அக்கா, போறேன்க்கா, நான் போறேன்க்கா" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பெர்சிஸ் அந்தக் கூச்சல் எதிலும் இல்லை. ஃபீபியின் நாற்காலிக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண்ணின் வலது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். வார்டு வார்டாக நடந்து குதிகால் ஒரு பக்கமாகச் சாய்ந்து, முன்பக்கம் வாய் பிளந்திருந்த வெள்ளை ஷூ. அதன் நாடாவை அவிழ்த்துக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு தன் உள்ளங்கையை விரித்து, அவளுடைய பாதத்தில் குதிகாலிலிருந்து பெருவிரல் நுனிவரை ஒட்ட வைத்து, அளவெடுக்க ஆரம்பித்தார்.